லாட் எண் நான்கு

குளுகோரில் பழைய குவார்ட்டர்ஸ் பின்பக்கம்
ஆளில்லாத வேலி.
வேலிக்கு மேலே சாய்ந்து நிற்கிறது செர்மாய்.
அரைநெல்லி என்பார்கள் நம்மவர்கள்.
வேர்விட்ட இடம் அரசாங்கத்தினுடையது,
காய் விழுகிற இடம் சாக்கடை.

இருபத்திரண்டு வருஷம் பாயான் லெப்பாசில்
நுண்நோக்கிக்குக் கீழே சிப் பார்த்தவன் நான்.
கீறல், குமிழி, விளிம்பில் ஒரு தூசு:
தள்ளு.
மார்ச்சில் என்னையும்
ஒரு கடிதத்தில் தள்ளிவிட்டார்கள்.
கடிதத்தில் கீறல் ஒன்றும் இல்லை,
நன்றாகவே பார்த்தேன்.

இப்போதெல்லாம் காலை ஏழுக்கு
தமயந்தி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியதும்
துணி காயப்போடும் மூங்கிலும் வாளியுமாக இறங்குகிறேன்.
கிளையைத் தட்டினால் காலருக்குள்ளும் இரண்டு விழும்.
ஒன்றைக் கடித்தால்
ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும்.
மைனாகூட எட்டிப் பார்க்காத புளிப்பு.

முதல் தடவை அரை மணியில் இறக்கிவிட்டேன்,
சீனித் தண்ணீரில் வெளிறிய கோலிக்குண்டுகள்.
இரண்டாம் தடவை கரிந்தது.
அந்தச் சட்டி இன்னும் பால்கனியில் ஊறுகிறது.
கரிந்த வாசத்துக்கு வந்த எதிர்வீட்டு மிசஸ் குவா
வாசலில் நின்றபடியே மலாயில் சொன்னார்:
உப்புப் போட்டு உள்ளங்கையால் உருட்டு,
வருகிற தண்ணீரைப் பிழிந்து கொட்டு,
இல்லாவிட்டால் தொண்டை பிடிக்கும்.
சின்னத் தீ. கிண்டாதே.
சும்மா சும்மா பார்க்காதே.

பார்க்காமலிருப்பதுதான் எனக்கு வராது.

சீனி இரண்டு கிலோ, ஐந்து வெள்ளி எழுபது காசு.
பட்டை ஒரு துண்டு.
முதல் மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை.
மஞ்சள், மஞ்சள்.
இரண்டாவதில் காய் ஒடுங்கியது, பாகு அடங்கியது.
மூன்றாவதில்
மழை வருகிறதென்று துணி எடுக்கப் போய்த் திரும்பினால்
சிவந்திருந்தது.
சாயம் போடவில்லை, மிளகாய் போடவில்லை.
எங்கே வைத்திருந்தாய் இதை
என்று சட்டியிடம் கேட்டேன், சத்தமாகவே.

ஐஸ்பெட்டியில் குளிர்ந்த தட்டில்
ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினேன்.
மேலே ஒரு சுருக்கம் விழுந்தது.
பாஸ்.
சீட்டு ஒட்டினேன்:
லாட் எண் மூன்று, தேதி, ஒன்பது போத்தல்.
ஒன்றில் குமிழி. அதை நானே தின்றேன்.

இரவு தமயந்தி
ஒரு காயை நாக்கில் உருட்டி
கொட்டையைத் தட்டில் துப்பிவிட்டு
“இன்டர்வியூ என்னாச்சு?” என்றாள்.
போகவில்லை, அடுப்பில் இருந்தது என்றேன்.
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.
இன்னொரு காய் எடுத்தாள்.

வியாழக்கிழமை மரத்தில்
சிவப்புப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி.
எனக்குத் தெரியும் அந்தக் குறி.
சனிக்கிழமை மன்றத்து லோரி,
வங்காளதேசத்துப் பையன்கள் மூவர், ஒரு ரம்பம்.
மேலே பார்த்த ஒருவன்
“ஓர்பொரோய்!” என்று கத்தினான்,
தெருவில் தங்கையைக் கண்டுவிட்டவன்போல.
சோற்றுப் பொட்டலத்து உப்பைத் தொட்டு
மூவரும் குந்தித் தின்றார்கள்,
ஆளுக்கு ஒரு கண் மூடி.
கால் மணி நேரம்.
பிறகு அறுத்தார்கள்.

நான் தடுக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.
மரம் சாய்ந்ததும்
மூங்கில் ஒருநாளும் எட்டாத உச்சிக் கிளை
என் முழங்காலுக்கு நேராகக் கிடந்தது,
கொம்போடு ஒட்டிக் கொத்துக் கொத்தாய்.
ஷொஹாக் கிளையைப் பிடித்துக்கொண்டான்.
நான் உருவினேன்.
பதினோரு கிலோ.
வாளி போதாமல்
மிசஸ் குவா பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டும் தொட்டி.

மணி இரவு ஒன்று.
இங்கே இரண்டு சட்டி, எதிர்வீட்டில் இரண்டு.
நடுவில் இரண்டு கதவும் திறந்து கிடக்கின்றன.
ஷொஹாக் எங்கே தங்கியிருக்கிறான், கேட்க மறந்துவிட்டேன்.
மூன்று சீட்டில் அவன் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.
இப்போதுதான் முதல் மணி நேரம்.
மஞ்சள்.