மூன்றில் ஒரு பங்கு

பழைய சோவியத்துக் கமரா.
உள்ளே இருந்த கண் நான் வாங்கும்போதே குருடு.
இரவென்றாலும் பகலென்றாலும்
முள் அசையாது, ஒரே பலன் சொல்லும்.

அதன் தலையில், பிளாஷ் செருகும் பள்ளத்தில்
இப்போது பாதித் தீப்பெட்டி அளவில் ஒன்று:
வெளிச்சம் அளக்கிற மீற்றர்.
வயிற்றில் பொத்தான் பற்றறி இரண்டு.
"எந்த மணிக்கூட்டுக்கு?" என்று கேட்டுத்தான் தந்தார்
மத்திய வீதி அஸ்வர்.
இதற்கு மணி தெரியாது என்றேன்.
பாதிக் காசை மிச்சமாய்த் தந்து
பரிதாபமாய்ப் பார்த்தார்.

இரண்டு சிவப்பு அம்பு, நடுவே பச்சைப் பொட்டு.
கூட, குறைய, சரி.
அதற்குத் தெரிந்த பாஷை அவ்வளவுதான்.
கமராவோடு அதற்கு ஒரு கம்பித் தொடுப்பும் இல்லை.
மேலே அது சொல்லும் எண்ணை
என் விரல் கீழே சுமந்து போகவேணும்,
ஓர் அங்குலத் தூரம்.
முதல் மூன்று சுருளும்
அந்த ஓர் அங்குலத்தில்தான் தொலைந்தன.

ஞாயிறு காலை ஏழு.
கோட்டை வாசலுக்கு இந்தப் பக்கம்,
நேற்றுச் சுண்ணாம்பு அடித்த சுவர்.
அதன் முன்னே கறுப்பு அபாயாவில் ஜெஸீமா.
வெயிலை மெல்லிய முகில் வடிகட்டுகிறது.

சுவரைக் கேட்டேன்: ஐந்நூறு என்றது.
அபாயாவைக் கேட்டேன்: முப்பது.
பொய் இல்லை. பாவம், அது
உலகம் முழுக்கச் சாம்பல் என்று நம்பிப் பிறந்தது.
வெள்ளையைக் கண்டால் கொஞ்சம் அழுக்காக்கும்,
கறுப்பைக் கண்டால் கொஞ்சம் வெளுக்கும்,
எல்லாரையும் ஒரே மழைநாளில் நிறுத்தும்.

"மூச்சைப் பிடியுங்கோ" என்றேன்.
பதினாறு வருஷம் ஆஸ்பத்திரியில்
நெஞ்சு எக்ஸ்றே எடுத்த வாய்.
ஜெஸீமா உண்மையாகவே பிடித்துவிட்டாள்.
கன்னம் இரண்டும் உப்பி நின்றபோதுதான்
காவலில் நின்ற பொடியன் வந்தான்.

"மே மொகத்த?"
கமராவை அல்ல, மேலிருந்த பெட்டியைக் காட்டி.
பிறகு தமிழில்: "இது பேசுமா?"
வெளிச்சம் அளக்கிறது என்றேன்.
வெளிச்சத்தை எதற்கு அளக்கவேணும் என்று
அவன் முகம் கேட்டது. நியாயமான கேள்வி.
கழற்றிக் கொடுத்தேன்.
கொடுக்காமல் விடுகிற கேள்வி அல்ல அது.

கடலைப் பார்த்து நீட்டினான். சிவப்பு.
ஆலமர நிழலுக்கு நீட்டினான். மற்றச் சிவப்பு.
பச்சை எங்கே என்றான்.
உள்ளங்கையை விரியுங்கோ என்றேன்.
அதுதான் வழக்கம்: முகங்கள் ஆளுக்காள் மாறும்,
உள்ளங்கை அவ்வளவாக மாறாது.
கையை அளந்து, ஒரு படி திறந்தால் சரி.

முதலில் என் கை. பிறகு அவனுடையது,
துப்பாக்கி வார் பட்டுத் தடித்த இடம் மினுங்கியது.
வித்தியாசம், ஒரு படியில் மூன்றில் ஒரு பங்கு.
யார் பக்கம் கூட என்று அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

அதற்குள் ஒரு கோட்டைமான் வந்து
சுருள் வந்த மட்டைப்பெட்டியை
என் பையிலிருந்து இழுத்துத் தின்றது.
ஜெஸீமா பிடித்த மூச்சைச் சிரிப்பாக விட்டாள்.
மீற்றர் இன்னும் அவன் கையில்.
நான் கண்ணளவில் ஓர் எண் வைத்து
அமுக்கினேன்.

இரவு, குளியலறையில், தண்ணீர் சொட்டும் நெகற்றிவ்.
சுவர் கறுத்துக் கிடந்தது.
அபாயா தெளிந்த கண்ணாடி.
அதனூடே பார்த்தால்
எங்கள் குளியலறை மின்குமிழ் தெரிகிறது.
பதினேழாவது கட்டம், அளக்காமல் எடுத்தது,
ஒரு படி கூடிப்போயிருந்தது.
ஓரத்தில் மானின் பாதிக் காது,
ஒரு சீருடைக் கை,
அந்தக் கையில் ஒரு சின்னப் புள்ளி.

பச்சையா சிவப்பா
என்று சொல்லாது, கறுப்பு வெள்ளைச் சுருள்.