ஈரப்பதம்

நெல்லை நம்பலாம்,
கொண்டுவந்தவர் சொல்லை நம்பக் கூடாது.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வடுவூர்க் கொள்முதல் நிலையத்தில்
பதினாலு வருஷமாய்ப் பட்டியல் எழுத்தர்.
"கருக்காய் கலந்திருக்கா?"
"இல்லைங்க."
"நேத்து மழையில நனைஞ்சுதா?"
"பொட்டுத் தண்ணி படல சார்."
குத்தூசியை மூட்டையின் வயிற்றில் செருகி
ஒரு கை நெல்லை உருவுவேன்.
அது பேசிவிடும்.

ஆனியில், வரத்து இல்லாத ஒரு மத்தியானம்
எடைமேடையில் நானே ஏறினேன்.
இரண்டு மூட்டை, மேலே முப்பத்தொரு கிலோ.
"சாக்கு எடையக் கழிச்சுக்கலாம் சார்"
என்றான் லோடு ஏற்றும் கலியன்,
சிரிக்காமல்.

மன்னார்குடியில் டாக்டர் பிரிசில்லா
வாரத்துக்கு ஒன்றென ஊசி எழுதினார்.
பேனா போல இருக்கும், திருகினால் டிக் டிக்கென்னும்.
மாதத்துக்குப் பத்து மூட்டை நெல்லின் விலை.
பிரிட்ஜில் தோசை மாவுக்குப் பின்னால்
குளிரில் அது படுத்திருக்கும்.
"வேற ஏதாவது சாப்பிடறீங்களா?"
"இல்ல டாக்டர்."

பொய்யென்றே எனக்குத் தோன்றவில்லை.
சகலை தியாகேசன் பைக்கில் கொண்டுவரும்
பச்சை டப்பாவை
யார் மருந்துக் கணக்கில் வைத்தார்கள்?
மூடியில் ஒரு இலை, நூறு சதம் இயற்கை.
ராத்திரி ஒரு ஸ்பூன், வெந்நீரில்.
விடிவதற்குள் மூன்று முறை
கொல்லைப்பக்கம் லைட் எரியும்.

ஊசி பசியைக் கட்டிப்போட்டது.
பொடி, இருந்ததையும் வெளியே அனுப்பியது.
மூன்று வாரம், ஒன்பது கிலோ.
பெல்ட்டில் ஆணி அடித்துப் புது ஓட்டை போட்டேன்.
தியாகேசன் என் போட்டோவைக் காட்டி
ஆறு டப்பா விற்றான்.
ஊசியைப் பற்றி அவன் யாரிடமும் சொல்லவில்லை.
நானும்தான்.

புரட்டாசி.
குறுவை வந்து ரோட்டோரம் குவிந்துவிட்டது.
தார்ப்பாய்க்கு அடியில் நெல்,
தார்ப்பாய்க்கு மேல் ஆட்கள்.
மேலவாசல் செந்தாமரை முறை வந்தபோது
மீட்டர் இருபத்திமூன்று காட்டியது.
"காயவச்சு எடுத்துட்டு வாங்கம்மா."
"காயவச்சா எடை போயிடுமே சார்."
"போறது நெல்லில்லம்மா, தண்ணி"
என்று சொன்னது நான்தான்.
அப்புறம் மீட்டரின் எண்கள் வழுக்கிக்கொண்டு ஓடின.
கன்னத்தில் சொரசொரவென்று நெல்.
யாரோ என் சட்டைப் பொத்தானைக் கழற்றினார்கள்.

டாக்டர் என் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார்.
அது கூடாரமாய் அப்படியே நின்றது,
படுக்க மறந்து.
ரத்தத்தில் உப்பு குறைவு, கிரியாட்டினின் கூட.
"நிஜமா வேற ஒண்ணும் எடுக்கலையா?"
"இல்ல டாக்டர்."
எத்தனை சுலபமாய் வருகிறது
இந்தச் சொல்!

குத்தூசி வசுமதியிடம் இருந்தது.
கூடையிலிருந்து பச்சை டப்பாவை எடுத்து
மேசையில் வைத்தாள், டொக்கென்று.
டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
பின்பக்கப் பொடியெழுத்தை வாசித்தார்:
கடுக்காய், கொள்ளு, சீரகம்,
பிறகு கொஞ்சம் மெதுவாக,
நிலாவரை.
"இது பேதிக்குக் குடுக்கறதுங்க."
என்னைத் திட்டவில்லை.
ஊசியை ஒரு மாசம் நிறுத்தச் சொல்லி
தேதி மட்டும் எழுதினார்.

இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியதில்
நாலரை கிலோ திரும்பி வந்தது.
பெல்ட்டின் புது ஓட்டை
சும்மா கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை செந்தாமரை மறுபடி வந்தார்,
பதினாறரை.
பட்டியல் போட்டுக் கொடுத்தேன்.
"ஒடம்பு தேவலையா சார்?"
"தேவலைம்மா."
போனில் தியாகேசன்:
"டப்பா தீந்திருக்குமே அண்ணே?"

தீரவில்லை.
பொடியைக் கொட்டியாச்சு என்று
வசுமதியிடமும் டாக்டரிடமும் சொல்லியிருக்கிறேன்.
அரை டப்பா இன்னும்
ஆபீஸ் மேசை இழுப்பறையில்,
ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில்.
கலியன் ஒருநாள் பேனா தேடித் திறந்தவன்
பார்த்துவிட்டு மூடினான்.
"என்ன சார் இது?"
"ஒண்ணுமில்லடா."