அயல் பொருள்

காலை ஒன்பதே முக்காலுக்குத் துலுக்காணம்
ஈரமுறிஞ்சி மெஷினின் வாளியைக் கவிழ்க்கிறார்.
நேற்று ராத்திரி எழும்பூர் விட்ட மூச்சு
நாலரை லிட்டர்.

இழுப்பறை பதினேழு.
அமிலமில்லாத் தாளுக்குள் ஒரு கழுத்துப்பட்டி.
லேஸ். பருத்தி. கையால் பின்னியது.
பேரேட்டில் பழைய மசி சொல்கிறது:
கொடுத்தவர், இன்ஜினீயர் துரையின் மனைவி.
அந்தம்மாவுக்கும் பெயர் இல்லை, பாவம்.
கிடைத்த இடம், மெட்ராஸ்.
செய்தவர் என்ற கட்டத்தில்
ஒரு சின்னக் கோடு.
பேனா அங்கே நிற்கவே இல்லை.

என் வேலை இழை எண்ணுவது.
ஒப்பந்தம் பதினொரு மாதம்,
பன்னிரண்டாவது மாதம் நான் இல்லாதவள்,
பிறகு மறுபடி பதினொன்று.
லென்ஸைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு குனிந்தால்
பூ மறைந்துபோகும், கொடி மறைந்துபோகும்,
தெரிவதெல்லாம் ஓட்டை.
ஓட்டையை ஓட்டையாகவே நிறுத்திவைக்க
நூல் படுகிற பாடு.

இரண்டு கட்டையை மாற்றிப் போடு,
முறுக்கு,
ஊசி குத்து,
மறுபடி மாற்று.
திண்டின்மேல் நாற்பத்தெட்டு மரக்கட்டைகள்
தகரக் கூரையில் தூறல்போலப் பேசிக்கொண்டே இருந்திருக்கும்.

இடது ஓரம், மூன்றாவது பூ.
ஓர் இழை மட்டும் கறுப்பு.
அழுக்கென்று தூரிகையால் தட்டினேன், அசையவில்லை.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
முடி.

விதிப்புத்தகம், பக்கம் முப்பத்தொன்று:
தூசி, பூச்சிச் சிறகு, முடி முதலான அயல் பொருள்களைக்
கவ்வியால் அகற்றவும்.

கவ்வி நுனியைப் பிடித்தது.
இழுத்தேன்.
பூ முழுசும் முகம் சுளித்தது.

மேலே வந்து விழுந்ததில்லை அது.
நூலோடு போய், நூலோடு திரும்பி,
ஊசி நின்ற இடத்தில் ஊசியைச் சுற்றி,
ஏழு இடத்தில் ஏறி இறங்கியிருக்கிறது.
அவள் கவனிக்கவில்லை.
அல்லது கவனித்தாள்;
ஏழு வரிசை பிரித்துப் போட நேரமில்லை,
கூலி முழத்துக்குத்தான்.

அவள் அவள் என்கிறேன், நீளத்தை வைத்து.
குடுமி வைத்தவர்களும் இருந்த ஊர்தான் இது.

பத்மலோசனி மேடம் குனிந்து பார்த்தார்.
“வெட்டி எடுத்துடு. தணிக்கைக்கு வராங்க.”
“ஏழு துண்டா வரும் மேடம்.”
“சரி, வெச்சிக்கோ. ஆனா என்னன்னு எழுதுவே?”

மதியம் முழுக்க அதே கேள்வி.
டிபன்பாக்ஸில் புளிசாதம், வெளியே
பாந்தியன் சாலையின் ஹாரன்.
தலையில் இருந்தால் கூந்தல்.
சோற்றில் கிடந்தால் மயிர்.
பஸ்ஸில் சில்லறை இல்லையென்றாலும் மயிர்தான்.
மலைக்குப் போனால் காணிக்கை,
அங்கிருந்து ஏலத்துக்குப் போனால் டன் கணக்கு.
லேஸுக்குள் இருந்தால்?

பக்கத்து இழுப்பறையில்
பழவேற்காட்டுக் கட்டம் போட்ட கைக்குட்டை ஒன்று.
கப்பலேறத் தவறிய துணி.
இன்னும் லேசாக எண்ணெய் வாசம்.
வாசத்துக்கும் பேரேட்டில் கட்டம் கிடையாது.

நாலு மணிக்குக் கரண்ட் போனது.
துலுக்காணம் டார்ச் பிடித்தார்.
“என்னம்மா, ஒரு முடிக்கா இவ்ளோ நேரம்?” என்றார்,
ஆனால் டார்ச்சை ஆட்டவில்லை.

செய்தவர் கட்டத்தைத் தொடவில்லை நான்.
அந்தக் கோடு அங்கேயே இருக்கட்டும்,
எனக்கு ஒன்றும் தெரியாது.
மூலப்பொருள் கட்டத்துக்குப் போய்
பருத்தி என்ற சொல்லுக்குப் பின்னால்
ஒரு காற்புள்ளி போட்டேன்.
முடி, ஒன்று. ஏழு பின்னல்களில்.
அகற்றக் கூடாது.

தாளை மடிக்கிற நேரம்
என் தலையிலிருந்து ஒன்று
கழுத்துப்பட்டியின் மேல் விழுந்தது.
டார்ச் வெளிச்சத்தில் பளபளவென்று, வளைந்து.
கவ்வியால் எடுத்தேன்.
சுலபமாக வந்துவிட்டது.