கையெழுத்தை மூடிய பட்டை

குடிநுழைவு அலுவலகத்துக்கு மூன்று கடை தள்ளி
என் கடை.
பலகையில் 'குணசீலன் நகலகம்' என்றிருக்கும்.
குணசீலன் என் வீட்டுக்காரர்.
எந்தப் பொத்தானை அமுக்கினால்
இரண்டு பக்கமும் விழும் என்று
இன்றுவரை அவருக்குத் தெரியாது.

பினாங்கு வெயில் பத்து மணிக்கே கண்ணாடியில் ஏறிவிடும்.
பாஸ்போர்ட், பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம்,
பக்கத்துக்கு இருபது காசு.
எழுத்தை நான் படிப்பதில்லை.
காகிதத்தை எப்படி நீட்டுகிறார்கள் என்பதைத்தான் படிப்பேன்.

புதன்கிழமை வந்தார் கிராசா வலதாரிஸ்.
லிஸ்பன்காரர், பூலாவ் தீக்கூஸில் வாடகைக்கு இருப்பவர்,
விசா நீட்டிக்க.
எல்லாம் எடுத்து முடித்ததும்
உறைக்குள்ளிருந்து இன்னொன்றை எடுத்தார்,
முட்டையை எடுப்பதுபோல.

மடிப்பில் கிழிந்த பழுப்புத் தாள்.
முத்திரை. கலைந்த நீல மை.
"என் அப்பா கையெழுத்து.
அறுபத்தாறாம் வருஷம்.
என் மனைவி நாட்டை விட்டு வெளியே போக
அனுமதிக்கிறேன் என்று எழுதியிருக்கிறார்."

பாரிஸில் தங்கைக்குப் பிரசவம்.
அம்மாவுக்கு வயது முப்பத்தொன்று, தபால் நிலையத்தில் வேலை.
ஊரார் கடிதமெல்லாம் மலை தாண்டிப் போக
முத்திரை குத்தியவர்,
தான் தாண்ட இந்தத் தாளுக்குக் காத்திருந்தார்.
"அப்பா சும்மா எழுதவில்லை.
தையல் மெஷினை விற்று
அவர் கடனை அடைத்த பிறகுதான்.
அதற்குள் குழந்தை பிறந்து
நடக்கவே ஆரம்பித்துவிட்டது."

என் மலாய் அவருக்கு ஏறவில்லை,
அவர் ஆங்கிலம் எனக்குப் பாதி.
மீதியைக் கையால் பேசினோம்.
"பிறகு சட்டம் மாறியது.
அம்மா மாற இன்னும் பத்து வருஷம்.
மீன் வாங்கப் போகும்போதுகூட
கதவடியில் நின்று அப்பா முகத்தைப் பார்ப்பார்.
இப்போது என் மகள்
விமானத்தில் உட்கார்ந்த பிறகுதான்
எனக்குச் செய்தி அனுப்புகிறாள்.
சில நாள் எனக்கே கோபம் வரும்."
சிரித்தார். சற்றுக் கழித்து நானும்.

எனக்குப் புனிதமலர் ஞாபகம்.
வெள்ளிக்கிழமைதோறும் வருவாள்.
பையனைக் கோயம்புத்தூரில் பெற்றாள்.
பெற்றவள் இந்த நாட்டுக்காரி,
பிள்ளை இன்னும் இல்லை.
"அப்பாவாக இருந்திருந்தால் ஒரே பாரம் அக்கா,"
என்றாள் ஒருமுறை.
அப்போது அவள் கையில் ஏழாவது கோப்பு.

லேமினேட் செய்யட்டுமா என்று கேட்டேன்.
"வேண்டாம்.
அவ்வளவு காலம் இது நிலைக்க வேண்டாம்.
இரண்டு நகல் போதும்.
ஒன்று அப்படியே.
இன்னொன்றில்..."
விரலை வைத்துக் கையெழுத்தை மூடிக் காட்டினார்.

வெள்ளைத் தாளில் ஒரு பட்டை வெட்டி
அதன்மேல் வைத்து மூடியை இறக்கினேன்.
பச்சை வெளிச்சம் ஓடித் திரும்பியது.
முத்திரை இருந்தது. அம்மா பெயர் இருந்தது.
போகலாம் என்ற வார்த்தை இருந்தது.
சொன்னது யார் என்பது மட்டும் இல்லை.
"மகளுக்கு," என்றார்.
எந்த நகல் என்று சொல்லவில்லை.

நாற்பது காசு கேட்க மறந்துபோனேன்.

அடுத்து வந்தவர் வீட்டுப் பத்திரத்தோடு, பெரிய குரலோடு.
பட்டை கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.
அவர் பெயருக்கு மேலே
ஒரு வெள்ளைத் துண்டு வெறுமை.
"என்னம்மா இது? நான் எங்கே?"
மன்னிப்புக் கேட்டு மறுபடி எடுத்துக் கொடுத்தேன்.
வாசல்வரை முணுமுணுத்துக்கொண்டே போனார்.

கெட்டுப்போன தாளை எறியவில்லை.
இழுப்பறையில் கிடக்கிறது,
கடை வாடகை ஒப்பந்தத்துக்கு மேல்.
இந்த மாதம் புதுப்பிக்க வேண்டும்.
குணசீலன் இங்கே கையெழுத்திடவும் என்று
பென்சிலால் கட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

அழி ரப்பர் எங்கோ இங்கேதான் இருந்தது.