வியாழக்கிழமைப் படிவங்கள்

வூட்ஜ் நகரம். பழைய நூற்பாலையின் மூன்றாம் மாடியில்
மனநல மையம். நான் அங்கே எண்களை ஏற்றுகிறவள்.
அமர்வு முடிந்ததும் இரண்டு தாள்கள் என் மேசைக்கு வரும்.
பச்சை, வந்தவருடையது. வெள்ளை, டாக்டருடையது.
ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது.
நான் பார்க்கலாம். பார்த்துத்தான் ஆக வேண்டும்,
சம்பளமே அதற்குத்தான்.

ஸெனோன் டிராம் ஓட்டியவர்.
பிப்ரவரியில் ஒரு பெண் வழுக்கி விழுந்த அன்றிலிருந்து
ஓட்டாதவர்.

ஒன்பதாம் வாரம் ஹலீனா ஏழுக்கு ஆறு போட்டிருந்தார்:
'பனி, பிரேக், தண்டவாளத்தில் உருண்ட பீட்ரூட்டுகள்,
எல்லாவற்றையும் இன்று சொல்லிவிட்டார்.
நெருங்கிவிட்டோம்.'
பச்சைத் தாளில் இரண்டு.
'நான் சொல்லச் சொல்லப் பேனா ஓடியது.
அது மட்டும்தான் கேட்டது.'

பதினோராம் வாரம் ஹீட்டர் செத்துப்போனது.
வெள்ளையில் இரண்டு: 'வீணாய்ப் போன மணி நேரம்.
விரல் விறைத்து ஒரு வரிகூடக் குறிக்கவில்லை.
முட்டைக்கோஸ் விலையைப் பேசிக்கொண்டிருந்தோம்.'
பச்சையில் ஏழு.
ஏழைச் சுற்றி ஒரு வட்டம், தாள் கிழியுமளவுக்கு.
'கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.
அவருக்கும் குளிர்கிறது.'

கணினி வெள்ளையிலிருந்து பச்சையைக் கழிக்கும்.
அன்று மைனஸ் ஐந்து, சிவப்பு எழுத்தில்.
தப்பாய் ஏற்றிவிட்டாயா என்று கேட்டார் மேலாளர்.

'இருவரும் ஒரே இலக்கை நோக்கிப் போகிறோம்'
என்கிற நான்காம் வரிக்கு
ஸெனோன் எண்ணே போடுவதில்லை.
'போகும் ஊர் டிராமின் நெற்றியில் எழுதியிருக்கும்,
உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு அது தெரியாது'
என்று ஒருமுறை எழுதியிருந்தார்.
இதை எந்தக் கட்டத்தில் ஏற்றுவது?

போன வாரம் நடைவழியில்
தொப்பியைத் திருகிக்கொண்டே கேட்டார்,
"டாக்டருக்கு என்னோடு அலுத்துவிட்டதோ?"
நேற்று ஹலீனா தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றார்,
விசாரிப்பதுபோல் இல்லாமல்.
"ஸெனோனுக்கு என்னைப் பிடிக்கவில்லை, இல்லையா?"

விதி விதிதான்.
இருவரிடமும் ஒரே பதிலைச் சொன்னேன்:
"ஹீட்டர் சீக்கிரம் சரியாகிவிடும்."

மெக்கானிக்கின் எண் இழுப்பறையில் இருக்கிறது.
என் விரல்களும் விறைக்கின்றன, தட்டச்சில் பிழை விழுகிறது.
இந்த வியாழன் தாண்டட்டும், கூப்பிடுகிறேன்
என்று
மூன்று வியாழன்களாய்.