மூன்றாம் வளைவு

பகலில் நான் ஓட்டுவது பதினெட்டுச் சக்கரம்.
கோதுமை. சஸ்காட்டூனிலிருந்து யார்க்டன் வரை
வளைவென்று சொல்ல ஒன்றுமில்லாத சாலை.

கடையில் டாரஸ் காட்டியது
நான்கு சக்கரமும் இழுக்கும் புதுசு.
"இதை எடு லெசியா. கவிழவே கவிழாது.
நானும் இதுதான்."
நான் எடுத்தது கைமாறி வந்தது,
பின்சக்கரம் மட்டும் இழுப்பது.
கூடவே ஓர் இருமல் மிட்டாய் டப்பா.
உள்ளே, யாரோ
ஒவ்வொன்றாய்ச் சேர்த்த திருகாணிகள்.

சனிக்கிழமை.
கர்லிங் அரங்கில் பனி போய்
களிமண் கொட்டியிருக்கிறது.
மேடையில் ஆறு பேர், கையில் ரிமோட்,
யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

விலகிப் போகும்போது
என் வலம்தான் அதன் வலம்.
திரும்பி என்னை நோக்கி வந்தால்
என் வலம் அதன் இடம்.
இருபது வருடம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்தவள்.
எதிரே வருவதை எப்படித் திருப்ப?
சுவர். மறுபடி சுவர்.
ஆறாவது இடம்.

ஓடி முடித்தவர்கள்
அடுத்த பந்தயத்துக்கு வளைவுக்கொருவராய் நின்று
கவிழ்ந்ததை நிமிர்த்த வேண்டும். விதி.
எனக்கு மூன்றாம் வளைவு,
முழங்காலுக்கு வரும் ஆரஞ்சுச் சட்டை.

டாரஸின் கவிழாத வண்டி
மேட்டில் எகிறி
என் பூட்ஸருகே மல்லாந்தது,
நான்கு சக்கரமும் காற்றைக் கடித்தபடி.
மேடையிலிருந்து என் பெயரைக் கத்துகிறான்.

ஒரு விநாடி எடுத்துக்கொண்டேன்.
ஒன்றேதான்.

மோட்டார் சுட்டது. ஒரு மூட்டைச் சர்க்கரைகூட இராது கனம்.
தூக்கி வைத்தேன்.
எந்தப் பக்கம் முகம் வைப்பதென்று
யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.