ஐம்பது கிராம் வெண்காரம்

பெருந்துறை சிப்காட்டில் மணி இரண்டேகால்.
டொலுயீன் கொதித்து ஏறுகிறது,
கண்டென்சரில் வியர்த்துச் சொட்டி
மறுபடி ஏறுகிறது.
மெல்லிய குழாய் வழியே நைட்ரஜன்
குமிழ் விட்டபடி இருக்கிறது.

இரண்டு பென்சீன் வளையங்கள்.
தனியே விட்டால் ஆயுசுக்கும்
ஒன்றையொன்று திரும்பிப் பார்க்காதவை.
ஒன்றின் தோளில் புரோமின்,
இன்னொன்றின் தோளில் போரான்,
நடுவில் சிட்டிகை பல்லேடியம்;
விடிவதற்குள் ஒட்டிவிடும்.
யாரோ ஒருவரின் ரத்த அழுத்த மாத்திரையாக
அதற்கப்புறம் ஐந்து படி இருக்கிறது.

போரான் ஒரு தினுசு.
பக்கத்து வீட்டுக் கார்பனுக்கு
எட்டு எலக்ட்ரான் இல்லாமல் தூக்கம் வராது.
இது ஆறை வைத்துக்கொண்டு
ஒரு நாற்காலியைக் காலியாகவே போட்டு வைத்திருக்கும்.
காரம் வந்து அதில் உட்கார்ந்ததும்
தோளில் சுமந்ததைப் பல்லேடியத்தின் கையில் கொடுத்துவிட்டுத்
தண்ணீரோடு கிளம்பிவிடும்.
சேர்ந்த மூலக்கூறின் படத்தில்
அதற்கு ஓர் எழுத்துகூடக் கிடையாது.

போன வாரம் ஒரு பேட்ச் கறுத்துப்போனது.
பழைய டப்பா. உள்ளேயே போரோனிக் அமிலம்
மும்மூன்றாய்க் கைகோத்து, தண்ணீரை உதறி
வளையமாகியிருந்தது.
அதே வெள்ளைப் பொடி.
தராசுக்கு ஒரு கணக்கு, கொப்பரைக்கு வேறு கணக்கு.
மிச்சத்தில் பாதி, போரானை இறக்கிவிட்டு
கிடைத்த ஹைட்ரஜனோடு இருந்துகொண்டது.
"சேராமயே பிரிஞ்சு போச்சுங்" என்றார்
வால்வைப் பிடித்திருந்த நாச்சிமுத்து.
பேட்சைத்தான் சொன்னார்.
நான் ஏனோ கையுறையைக் கழற்றி
மறுபடி மாட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் தம்பி கதிர்நாயகம்
கோட்டூரிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தான்.
தென்னங்குருத்து. கொக்கியாய் வளைந்து
பிரிய வேண்டிய ஓலைகள்
நுனியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.
கூடவே குரல்:
"குரும்ப பூராவும் கொட்டுது க்கா.
போரான் பத்தலைங்கறாங்க.
வெண்காரம் வெக்கச் சொல்றாங்க, மரத்துக்கு அம்பது கிராமு.
உங்க கம்பெனியிலதான் அது இருக்கும்ல?"

இருக்கிறது, தம்பி.
இங்கே அது இல்லாவிட்டால் சேராது.
அங்கே அது இல்லாததால் பிரியவில்லை.
இதை அவனுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல்
கட்டைவிரலை மட்டும் அனுப்பி வைத்தேன்.

பர்கத் நிஷா தகட்டை விளக்கடியில் பிடிக்கிறாள்.
புரோமைடின் புள்ளி காணோம்.
மேலே ஒற்றைப் புள்ளி, நீலமாய், முழுசாய்.
"சேந்திருச்சு க்கா" என்று
பேனாவை எடுத்துக் காதில் செருகிக்கொள்கிறாள்.

ஆறவிட்டு, கலக்கியை நிறுத்தி,
பார்வைக் கண்ணாடியில் டார்ச் அடிக்கிறேன்.
இரண்டு அடுக்கு.
மேலே எங்களுக்கு வேண்டியது.
கீழே உப்பும் தண்ணீரும்,
வேலை முடித்த போரானும்.
ஒரு தோப்புக்கே போதும்.
ஆனால் அதைத் தோப்புக்குக் கொடுக்க முடியாது;
டொலுயீன் வாடை அதன்மேல் ஏறிவிட்டது.
கழிவுத் தொட்டிக்குப் போகும்,
சவ்வு சவ்வாய் வடிகட்டுவார்கள்.
அதிலும் லேசில் பிடிபடாது,
சின்ன உருவம், சுமையில்லாத மேனி,
தண்ணீர் போகிற இடமெல்லாம் கூடப் போகும்.

நிஷா ஒரு கிண்ணத்தில் அந்தத் தண்ணீரை வற்றவைத்து
அமிலம் ரெண்டு சொட்டு, மெத்தனால் கொஞ்சம் விட்டு
ஃப்யூம் ஹூடுக்குள் பற்றவைக்கிறாள்.
விதிப்படி கூடாது.
விளிம்பெல்லாம் பச்சை.
நாற்று நட்டு நாலாம் வாரத்துப் பச்சை.
நாச்சிமுத்துகூட ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு
"அட, இதுக்குள்ளயா இருந்துச்சு" என்கிறார்.
அணைந்த பிறகு கிண்ணத்தில் வெள்ளைக் கறை.

மூன்று ஐம்பதுக்குத் தம்பிக்குத் தட்டச்சுகிறேன்:
இங்கிருந்து எடுக்க முடியாது.
உரக்கடையில் வாங்கு.
ஐம்பதென்றால் ஐம்பதுதான்,
கை நிறைய அள்ளிப் போடாதே, ஓலை கருகும்.

அனுப்பிவிட்டு
அடி வால்வை மெதுவாகத் திறக்கிறேன்.